குரங்கணிப் பக்கம் மலையேற்ற நிறுவனம் தொடங்குவோருக்கு: பாதுகாப்பு விளம்பரத்திலேயே தொடங்குகிறது

கேள்வி: போடிநாயக்கனூரைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் நாங்கள். குரங்கணி, டாப் ஸ்டேஷன் பக்கம் மலையேற்றம் நடத்தும் சிறு நிறுவனம் தொடங்க நினைக்கிறோம். காட்டுக்கும் ஊருக்கும் கேடு வராமல் எப்படி நடத்துவது? சென்னை, பெங்களூருவிலிருந்து ஆட்களை எப்படி வரவழைப்பது?

பதில்:

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விபோலத் தெரிகிறது. உண்மையில் ஒன்றுதான். மலையில் நடக்கும் விபத்துகளில் பெரும்பகுதிக்கு விதை விழுவது விளம்பரத்தில். எந்த மாதம், என்ன விலை, எத்தனை பேர், எவ்வளவு கடினம், யார் வரலாம் என்று நீங்கள் எழுதும் நாலு வரிதான் மலைமேல் உங்கள் வழிகாட்டி கையில் ஒப்படைக்கப்படும் கூட்டத்தை முடிவு செய்கிறது. தவறான கூட்டம் தவறான மாதத்தில் ஏறிவிட்டால், அதன்பிறகு எவ்வளவு திறமையான வழிகாட்டியாலும் ஓரளவுதான் சமாளிக்க முடியும்.

உங்கள் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலைக்குப் போயிருந்த இரண்டு குழுக்கள், சென்னைக்காரர்கள் ஒன்று, ஈரோடு, திருப்பூர் பக்கத்தவர் இன்னொன்று, குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன்பிறகுதான் அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. நீங்கள் தொழில் தொடங்கப்போவது அந்த நினைவு இன்னும் ஆறாத மண்ணில் என்பதை ஒவ்வொரு முடிவிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. "ஊர்க்காரங்க காலங்காலமா நடக்கிற பாதைதானே" என்பது வெளியாளைக் கூட்டிப்போய்க் காசு வாங்கும்போது செல்லாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை இணையவழிப் பதிவுக்குத் திறந்தது. அந்தப் பாதைகளில் வழிகாட்டுவது பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்கள். ஆகவே அதே பாதைக்குப் போட்டியாக ஒரு கடை விரிப்பதைவிட, அதைச் சுற்றி இல்லாததைச் செய்வது நல்லது: போடி அல்லது தேனியிலிருந்து வண்டி, முதல்நாள் தங்கல், உணவு, புதியவர்களுக்கான தயாரிப்பு, நடை முடிந்தபின் ஊர் உலா. கூடவே, பட்டா நிலத்தில் உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலோடு ஏலக்காய், காப்பித் தோட்ட நடை, சைக்கிள் பயணம் என்று உங்கள் சொந்தப் பயணங்களை வளர்க்கலாம். தோட்டப் பாதை எங்காவது நூறு மீட்டர் காப்புக்காட்டுக்குள் வெட்டிப் போகிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் வரைபடத்தோடு கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எல்லையைத் தாண்டினால் கேரள வனத்துறையின் அதிகாரம் தனி. கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் பாதை கேரளத்தின் சூரியநெல்லி வழியாகத்தான் வருகிறது என்பதால், இந்த எல்லைக் குழப்பம் உங்கள் பகுதியில் அடிக்கடி வரும்.

மாநிலச் சுற்றுலாத் துறையில் சாகசச் சுற்றுலா நடத்துநராகப் பதிவு செய்யுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகமும் இந்திய சாகசச் சுற்றுலா நடத்துநர் சங்கமும் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மலையேற்றப் பகுதியைப் படித்து, உங்கள் நடைமுறையை அதற்கு எதிரே வைத்துச் சரிபாருங்கள். ஐஎஸ்ஓ 21101 என்பது சாகசச் சுற்றுலாவுக்கான பாதுகாப்பு மேலாண்மைத் தரம். சான்றிதழ் வாங்கச் செலவாகும். ஆனால் அதன் எலும்புக்கூட்டைப் பின்பற்றக் காசு தேவையில்லை: ஆபத்துகளை எழுது, ஒவ்வொன்றுக்கும் தடுப்பை எழுது, பொறுப்பாளர் பெயரை எழுது, ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் திருத்து.

இனி நாள்காட்டி. விளம்பரத்துக்கு முன்னால் சுவரில் மாட்ட வேண்டியது இதுதான். தீப்பருவத்தில், வழக்கமாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை, வனப்பாதைகள் மூடப்படும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை வடகிழக்குப் பருவமழை. ஓடைகள் திடீரென்று பெருகும், மண் சரியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று மலை முகட்டைத் தாண்டி வரும்போது சில வாரங்கள் போகும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் பிற்பகல் இடி. இதையெல்லாம் கழித்தால் 52 வாரக்கடைசியில் உங்கள் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய 28 அல்லது 30. தொழில் திட்டத்தை 52 என்று போட்டுக் கடன் வாங்கியவர்தான் மார்ச் மாதம் "ஒரு தடவைதானே" என்று ஏற்றிவிடுகிறார். தவணை கட்ட வேண்டிய நெருக்கடி மலைமேல் முடிவெடுக்கும் நிலைக்குப் போகாதீர்கள். மூடிய மாதங்களில் பயிற்சி, பொருள் பழுதுபார்ப்பு, பள்ளிகளோடு பேச்சு, ஊருக்குள் நடக்கும் சமையல், வரலாற்று உலா என்று வேறு வருமானம் தேடுங்கள்.

அடுத்தது பாதையை அளப்பது. இணையத்தில் ஏற்கெனவே கிடக்கும் கிலோமீட்டர் கணக்கை நம்ப வேண்டாம். ஜிபிஎஸ்ஸோடு மூன்று தடவை, மூன்று வேறு பருவங்களில் நடந்து தூரம், ஏற்றம், தண்ணீர் கிடைக்கும் இடம், நிழலில்லாத பகுதி, கைபேசி அலை கிடைக்கும் இடம், பாதியில் வெளியேறும் வழி எல்லாவற்றையும் குறியுங்கள். நேரத்துக்கு நைஸ்மித் விதி என்ற பழைய கணக்கு உண்டு: சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ., ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 8 கி.மீ. தூரம், 900 மீட்டர் ஏற்றம் என்றால் 1.6 மணியும் 1.5 மணியும் சேர்ந்து சுமார் 3 மணி. இது பழகிய காலுக்கான கணக்கு. அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்கு அதை 1.75-ஆல் பெருக்குங்கள்: ஐந்தரை மணி. குழுவின் வேகம் எப்போதும் கடைசி ஆளின் வேகம். பொழுது சாயும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, "எங்கே இருந்தாலும் பகல் 12 மணிக்குத் திரும்பல்" என்பதுபோல ஒரு திரும்பும் நேரத்தைப் பாதைக்குப் பாதை எழுதிவையுங்கள். உச்சி இன்னும் 20 நிமிடம்தான் என்றாலும் திரும்ப வேண்டும். இந்த விதியை விளம்பரப் பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டால் மலைமேல் சண்டை வராது.

பாதை எத்தனை பேரைத் தாங்கும்? தாங்குதிறன் என்று பெரிய சூத்திரங்கள் உண்டு. சிறு நிறுவனத்துக்கு எளிய வழி போதும். குழுவுக்குப் பத்துப் பேர், முன்னால் ஒரு வழிகாட்டி, கடைசியில் ஒருவர். குழுக்களுக்கு நடுவே குறைந்தது அரை மணி இடைவெளி. காலை 6-லிருந்து 7.30-க்குள் கிளம்பினால்தான் திரும்பும் நேரத்தைக் காப்பாற்ற முடியும் என்றால் ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு குழுதான். அது மேல்வரம்பு. காட்டின் வரம்பு அதைவிடக் குறைவாக இருக்கலாம். அதை அறிய, பாதையில் பத்து இடங்களில் பாறையை அடையாளம் வைத்துப் பாதையின் அகலத்தைப் பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் நாடாவால் அளந்து பாருங்கள். புல்வெளியில் பாதை அகன்றுகொண்டே போனாலும், வளைவுகளில் புதிய குறுக்குவழி விழுந்தாலும், மர வேர்கள் வெளியே தெரியத் தொடங்கினாலும் எண்ணிக்கையைக் குறையுங்கள். குறுக்குவழி என்பது அடுத்த மழையில் ஓடையாகும். சோலையை ஒட்டிய புல்வெளி மண் அறுத்துக்கொண்டு போனால் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

இப்போது விலை. பொறுப்பான சுற்றுலா பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடும் இடம் இது. ஒரு நாள் நடையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம், தொகைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வழிகாட்டி, கடைசி ஆள், உதவியாளர் கூலி ரூ.3,700. வண்டி ரூ.5,000. கருவிகளின் தேய்மானம் ரூ.1,500. அலுவலகம், விளம்பரம் ரூ.3,000. ஆக, யார் வந்தாலும் வராவிட்டாலும் ரூ.13,200. ஆளுக்கு உணவு ரூ.350, அனுமதிக் கட்டணமும் காப்பீடும் ரூ.400. இதோடு கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் நிதியாக ஒதுக்கி வையுங்கள். தலைக்கு ரூ.2,500 வாங்கினால், தலைக்குச் செலவு ரூ.1,000 போக ரூ.1,500 மிஞ்சும். ஒன்பது பேர் வந்தால் கைக்கடி இல்லை. இதையே "சலுகை விலை ரூ.1,500" என்று போட்டால் ஒருவரிடம் மிஞ்சுவது ரூ.600. செலவை ஈடுகட்ட 22 பேர் வேண்டும். அத்தனை பேருக்கு அதே மூன்று பேர் போதாது, இன்னும் கூலி, இன்னொரு வண்டி. இதை ஈடுகட்ட என்ன செய்வார்கள்? கடைசி ஆளை நிறுத்திவிடுவார்கள், காப்பீட்டை விட்டுவிடுவார்கள், 22 பேரை ஒரே வரிசையில் விடுவார்கள். விலையைக் குறைத்த அன்றே பாதுகாப்பும் குறைந்துவிட்டது என்று பொருள். உங்கள் பக்கத்து நிறுவனம் ரூ.1,200-க்கு விற்றாலும் நீங்கள் இறங்க வேண்டாம். விலையில் என்னென்ன அடக்கம் என்று பிரித்துப் போடுங்கள். படிக்கிறவர்களில் சிலர் புரிந்துகொள்வார்கள், உங்களுக்கு வேண்டியது அந்தச் சிலர்தான்.

கூலியைப் பற்றி: அன்றைய கூலியை அன்றே கொடுங்கள். மழையால் ரத்தான நாளுக்கும் பாதிக் கூலி கொடுங்கள். இது தர்மத்துக்காக மட்டும் சொல்வதில்லை. ரத்தானால் தனக்குக் கூலி போய்விடும் என்று தெரிந்த வழிகாட்டி "ஏறலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்வார். வாடிக்கையாளருக்கு விபத்துக் காப்பீடு எடுக்கும் பலர் வழிகாட்டிக்கும் சுமை தூக்குபவருக்கும் எடுப்பதில்லை. மாதத்தில் எட்டு நாள் மலைமேல் இருப்பவர் அவர்தான். முதுவர், பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வழிகாட்டி வருவதானால், ஊர்க்கூட்டத்தில் பேசி, எந்த இடத்துக்கு வெளியாள் வரக் கூடாது, எந்த நாளில் நடை வேண்டாம் என்பதை அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். சாமி கும்பிடும் இடம், தண்ணீர் எடுக்கும் ஓடை, வீடுகளை ஒட்டிய பாதை ஆகியவை உங்கள் வரைபடத்தில் இருக்கவே கூடாது. பழங்குடி மக்களின் முகத்தை விளம்பரத்தில் காட்சிப்பொருளாகப் போடாதீர்கள். ஒருவர் உங்கள் வழிகாட்டி என்றால், அவர் ஒப்புதலோடு, அவர் பெயரோடு, அவர் அனுபவ ஆண்டுகளோடு போடுங்கள்.

தீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தீ மேல்நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்பாளர்களின் கணக்கு. 30 டிகிரி சரிவில் காய்ந்த புல்லில் ஏறும் தீயை ஓடி ஜெயிக்க யாராலும் முடியாது. இரண்டு சரிவுகள் சேரும் ஓடை மடிப்பு புகைபோக்கிபோல வேலை செய்யும். பதற்றத்தில் பலர் ஒளியத் தேடுவது அந்தப் பள்ளத்தைத்தான். போக வேண்டிய இடம் புல் இல்லாத பாறை, அகன்ற நீர்நிலை, அகலமான வண்டிப்பாதை, அல்லது ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம். பாதையை அளக்கும்போதே இப்படிப்பட்ட இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி அப்படி ஒட்டாது. தீக்காயத்தில் சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஊற்றி, சுத்தத் துணியால் தளர்வாக மூடுங்கள். எண்ணெய், பற்பசை, மஞ்சள் எதுவும் வேண்டாம்.

டேராடூனில் உள்ள இந்திய வன அளவாய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே காணும் தீப்புள்ளிகளைப் பதிவு செய்தவர்களுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புகிறது. யார் வேண்டுமானாலும் பதியலாம், பதியுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. அந்தச் செயற்கைக்கோள்கள் ஒரே இடத்தை நாளுக்குச் சில தடவைதான் பார்க்கும், ஒரு புள்ளியின் அளவே நூற்றுக்கணக்கான மீட்டர். இரண்டு பார்வைக்கு இடையில் பற்றிய தீ தெரிய வராது. காலையில் வனக்காவலரிடம் ஒரு தொலைபேசி, எதிர்ச் சரிவிலிருக்கும் தோட்டத்துக்காரரிடம் ஒரு தொலைபேசி, இந்த இரண்டும் அதைவிட நம்பகமானவை. தீப்பருவத்துக்கு வெளியிலும் உறைபனி விழுந்து புல் கருகிய ஆண்டுகளில் ஜனவரியிலேயே ஆபத்து தொடங்கிவிடும். முகாம் நெருப்பு, சிகரெட், கற்பூரம் எதற்கும் விலக்கில்லை. "கேம்ப்ஃபயர் உண்டா?" என்று கேட்பவருக்கு இல்லை என்று ஒரே சொல்லில் பதில் போடுங்கள்.

பிற ஆபத்துகளில், எண்ணிக்கையில் அதிகம் வருபவை சறுக்கல், கணுக்கால் பிசகல், நீரிழப்பு. ஐந்து மணி நேர நடைக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், குழுவுக்குப் பத்து ஓஆர்எஸ் பொட்டலம். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாலும் உப்பு குறைந்து மயக்கம் வரும். மாரடைப்பு அரிதானாலும் உயிரை எடுப்பது அதுதான். வெள்ளியங்கிரி ஏற்றத்தில் அப்படி இறந்தவர்களின் செய்தி கோடைதோறும் வருகிறது. அதனால் பதிவுப் படிவத்தில் இதயநோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம், கடந்த இரண்டு வாரக் காய்ச்சல், தேனீக் கொட்டுக்கு ஒவ்வாமை, தினசரி மாத்திரை ஆகியவற்றைக் கேளுங்கள். பணம் கட்டிய பிறகு கேட்டால் மறைப்பார்கள், கட்டுமுன் கேளுங்கள். பணம் கட்டியபின் "ஆம்" என்று சொன்னாலும் அதைத் திருப்பித் தருவதாகவோ தோட்ட நடைக்கு மாற்றுவதாகவோ முன்கூட்டியே சொல்லிவிட்டால் உண்மை வரும்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமலிருக்க மரச்சிம்பு வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு இறங்குங்கள். நம் நாட்டு நஞ்சுமுறி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது (அதற்கான நஞ்சில் பெரும்பங்கைத் தருவது செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம்). மேற்குத் தொடர்ச்சி மலையின் குழிவிரியன்களுக்கு அது வேலை செய்யும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவே முழங்காலுக்குக் கீழே மூடிய காலுறை, கைவைக்கும் இடத்தைப் பார்த்து வைப்பது என்ற தடுப்புதான் முதல் மருந்து. பாறை விளிம்பில் மலைத்தேனீ அடை இருக்கும் பகுதியில் வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றும் கூடாது. யானையும் ஒற்றைக் காட்டெருமையும் எதிர்ப்பட்டால் படம் எடுக்க நிற்கும் நொடிதான் ஆபத்து. அங்கே வழிகாட்டியின் சொல்லுக்குக் கீழ்ப்படியாதவரை இறக்கிவிடும் உரிமை உங்கள் விதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மீட்புக்கு ஒரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: பாதையின் மிகத் தொலைவான இடத்தில் 80 கிலோ எடையுள்ள ஒருவரின் கால் முறிந்தால், அவர் எத்தனை மணி நேரத்தில் மருத்துவமனையில் இருப்பார்? சரிவில் தூக்க ஒரு தடவைக்கு ஆறு பேர், மாற்றுக்கு ஆறு பேர். பத்துப் பேர் கொண்ட சோர்ந்த குழுவால் முடியாது. கீழே ஊரில் கூப்பிட்டால் வரக்கூடிய பன்னிரண்டு பேரின் பட்டியலும் அவர்களுக்கான கூலியும் முன்பே பேசி வைக்கப்பட்டிருக்க வேண்டும். மடக்கும் தூக்குப்படுக்கை ஒன்று பாதையின் நடுவே தோட்டக் கட்டடத்தில் இருக்கட்டும். பருவத் தொடக்கத்தில் ஒரு தடவை உண்மையாகவே ஒருவரைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். கணக்குப் போட்டதைப்போல இரண்டு மடங்கு நேரமாகும். அந்த நேரத்தை எழுதிவையுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியும் செயற்கைக்கோள் செய்திக்கருவியும் தொலைத்தொடர்புத் துறை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டு வாடிக்கையாளர் கொண்டுவருவார், முன்பே எச்சரியுங்கள். அலை கிடைக்கும் இடங்களைக் குறித்த வரைபடமும், கீழே ஒருவர் "இத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் ஆள் அனுப்புவேன்" என்று காத்திருப்பதும் உங்கள் தொடர்பு ஏற்பாடு. வழிகாட்டிகளில் ஒருவராவது காட்டுச் சூழலுக்கான முதலுதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அடிப்படை வகுப்பு இரண்டு நாள், முழுமையானது எட்டு அல்லது பத்து நாள்.

குப்பைக்கு ஒரே முறைதான் வேலை செய்கிறது: எண்ணி உள்ளே, எண்ணி வெளியே. கிளம்பும்போது பையைத் திறந்து பிளாஸ்டிக் உறைகளை எண்ணி எழுதுங்கள், இறங்கியதும் எண்ணுங்கள். பிஸ்கட் பொட்டலத்துக்குப் பதில் ஊர் மகளிர் குழுவிடம் வாங்கிய புளிச்சோறு, கடலை மிட்டாய், வாழைப்பழம் என்று உணவு இருந்தால் எண்ண வேண்டியதே குறையும். பழத்தோலும் கீழே வர வேண்டும். அது மக்கும் என்பது உண்மை, மக்குமுன் குரங்கும் கரடியும் பாதைக்குப் பழகிவிடும் என்பதும் உண்மை. மலம் கழிக்க நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி, மூடல். மாதவிடாய் அணையாடைகளுக்கு உள்ளே தெரியாத பூட்டுப்பை ஒன்றைப் பெண்களுக்குக் கிளம்பும்போதே கொடுங்கள். கேட்டு வாங்கும்படி விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள், அது புதருக்குள்தான் போகும்.

இப்போது விளம்பரம். உங்கள் பக்கத்தில் பாதைக்கு ஒரு தாள் இருக்கட்டும்: தூரம், ஏற்றம், புதியவருக்கு ஆகும் நேரம், நிழலற்ற பகுதி, கழிப்பறை உண்டா, அட்டைப்பூச்சி எந்த மாதம், அலை இல்லாத நேரம், திரும்பும் நேரம், யாருக்கு இந்தப் பாதை ஏற்றதில்லை. "எளிது", "நடுத்தரம்" என்ற சொற்களை மட்டும் நம்பாதீர்கள், ஆளுக்கு ஆள் பொருள் மாறும். "இடையில் நிற்காமல் இருபது மாடி ஏறி, பேச முடிகிற மூச்சோடு இருந்தால் வரலாம்" என்று எழுதினால் அவரே வீட்டில் சோதித்துப் பார்ப்பார். படங்களில் மாதமும் ஆண்டும் போடுங்கள். டிசம்பர் மேகக்கடலைக் காட்டி மே மாதத்துக்கு ஆள் சேர்ப்பது ஏமாற்று. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். "நூறு சதவீதம் பாதுகாப்பு" என்றும் எழுதாதீர்கள். பொறுப்புத்துறப்புக் கையெழுத்து உங்கள் கவனக்குறைவுக்குக் கவசம் ஆகாது, ஆபத்துகளை முன்கூட்டியே சொன்னதற்கான சான்று மட்டுமே.

பாறை விளிம்பில் காலைத் தொங்கவிட்ட படம் ஒன்றைப் போட்டால், அடுத்த வாரம் வரும் பத்துப் பேரும் அதே பாறையில் உட்கார வருவார்கள். நீங்கள் போடும் படம் நீங்கள் கொடுக்கும் அனுமதி. யானை, காட்டெருமை படங்களும் அப்படித்தான், பார்க்க முடியும் என்ற வாக்குறுதியாகிவிடும். இடக்குறி போடாதீர்கள், "போடி மலைகள்" என்று பொதுவாகப் போதும். இன்ஸ்டாகிராம் பிரபலங்களைக் கூப்பிட்டால் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: ட்ரோன் கிடையாது, பாதையைவிட்டு இறங்கிப் படம் கிடையாது, பணம் வாங்கிய விளம்பரம் என்று பதிவில் குறிப்பிட வேண்டும், வெளியிடுமுன் உங்கள் பார்வைக்கு வர வேண்டும். மறுப்பவரை விடுங்கள்.

சூரிய உதயத்தையும் மேகத்தையும் எல்லோரும் விற்கிறார்கள். உங்கள் மலையில் வேறு சரக்கு இருக்கிறது. டாப் ஸ்டேஷன் என்ற பெயரே, மூணாறுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் குரங்கணிப் பக்கம் இறக்கிய காலத்தின் மிச்சம். அந்த ரயில்பாதையை 1924 வெள்ளம் அடித்துப் போனது. கம்பிவடம் எப்படி இறங்கியது, தேயிலை எந்த வழியில் போனது, மலைக்கு மேலும் கீழும் மக்கள் எப்படிப் போய்வந்தார்கள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் அரை மணி சொன்னால் அது அடிவாரத்திலேயே நடக்கும், மழையிலும் நடக்கும், தீப்பருவத்திலும் நடக்கும். உச்சிக்குப் போகாமலே திருப்தியோடு ஊர் திரும்பும் வாடிக்கையாளரை உருவாக்கினால், ரத்து செய்வது உங்களுக்கு எளிதாகும்.

ரத்து விதியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்: வனத்துறை மூடினாலோ நீங்கள் நிறுத்தினாலோ முழுப் பணம் அல்லது வேறு தேதி, அவர் விருப்பம். முன்பு சொன்ன பத்தில் ஒரு பங்கு நிதி இதற்குத்தான். நிறுத்தும் முடிவு வழிகாட்டியுடையது. அலுவலகத்திலிருந்து அதை மாற்றிச் சொல்லக் கூடாது, கூட்டாளிகள் நால்வரும் இதில் கையெழுத்திடுங்கள். ரத்து செய்த நாளில் ஏன் செய்தோம் என்று இரண்டு வரி வெளியிடுங்கள். அதைப் படித்துவிட்டுத் தன் அம்மாவைக் கூட்டிவர நினைப்பவர்தான் உங்கள் நீண்டகால வாடிக்கையாளர்.

வார நாட்களுக்குக் கல்லூரிகளையும் பள்ளிகளையும் நாடுங்கள், அங்கே முடிவெடுப்பவர் விலையைவிடப் பாதுகாப்புத் திட்டத்தைத்தான் முதலில் கேட்பார். ஒவ்வொரு நடைக்குப் பின்னும் விபத்தாகாமல் தப்பிய சம்பவங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: யார் சறுக்கினார், எந்த வளைவு, என்ன காலணி, மணி என்ன. பருவம் முடிந்ததும் ஒரே வளைவு மூன்று தடவை வந்திருந்தால் அங்கே படி வெட்ட வனத்துறையிடமோ நில உரிமையாளரிடமோ பேசுங்கள், அதுவரை அந்தப் பாதைத்தாளில் அந்த வளைவைப் பற்றி ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.